ஆறு பேரும் ஒரே வீட்டில் இருக்க முடியுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். அம்மா இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா சென்ற மாதம் தவறிவிட்டார். உங்களுக்கு வயது 19, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. உங்களுக்குக் கீழே 16 வயதுத் தம்பி, 14 வயதுத் தங்கை, 11 வயதுத் தம்பி, 8 வயதுத் தங்கை, 4 வயதுக் கடைக்குட்டி. பதினாறாம் நாள் காரியம் முடிந்து இலை எடுத்த கையோடு உறவினர்கள் திண்ணையில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பங்கு வைத்துவிட்டார்கள். பெரிய தம்பி மாமாவோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்கு, பெரிய தங்கை அத்தை வீட்டுக்கு, கடைக்குட்டி பிள்ளையில்லாத சித்திக்கு, நடுவில் இருக்கும் இரண்டு பேரும் ‘ஏதாவது ஒரு ஹோமுக்கு’, உங்களுக்கு ஒரு வரன். ‘நாங்கள் சேர்ந்தே இருக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள்: ‘என்னால் முடியுமா என்றுதான் தெரியவில்லை.’ உண்மையான கேள்வி அதுதான் என்று நான் நினைக்கிறேன். சட்டத்தைச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

நான் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் குழந்தைகள் பாதுகாப்பில் களப்பணி செய்தவள். நடுவில் மூன்று ஆண்டுகள் ஒரு மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவில் (பராமரிப்பு தேவைப்படும் பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று உத்தரவிடும் குழு) உறுப்பினராக இருந்தேன். வழக்கறிஞர் இல்லை. அதனால் சொத்து, நீதிமன்றம் பற்றி நான் சொல்வதை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே அங்கே இலவசமாக வழக்கறிஞர் வைத்துக்கொடுப்பார்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை. பெற்றோர் இருவரும் இறந்துவிட்டதாலேயே உங்கள் தம்பி தங்கைகளை யாரும் கொண்டுபோய் இல்லத்தில் சேர்த்துவிட முடியாது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், ‘பெற்றோர் இல்லாமல், பார்த்துக்கொள்ள முன்வருகிறவரும் இல்லாத’ குழந்தையைத்தான் பராமரிப்பு தேவைப்படும் குழந்தை என்கிறது. நீங்கள் முன்வருகிறீர்கள், உங்களுக்கு 18 நிறைந்துவிட்டது, பக்கத்துத் தெருவில் அப்பாயி, அப்பாவைப் பெற்றவர், இருக்கிறார். இதே சட்டம் இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. வளர்ப்புப் பராமரிப்புக்கு, அதாவது தத்துக் கொடுக்காமல் வேறொரு குடும்பத்தில் வளர விடுவதற்கு, கொடுக்க நேர்ந்தாலும், பிரிந்திருப்பதுதான் அவர்களுக்கு நல்லது என்றால் ஒழிய, உடன்பிறந்தவர்களைச் சேர்த்தே வைக்க எல்லா முயற்சியும் செய்ய வேண்டும் என்று 44ஆம் பிரிவு சொல்கிறது. 2009 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்கள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. பெற்றோரை இழந்த பிள்ளைகள் தங்கள் வீட்டிலேயே சேர்ந்திருக்க விரும்பினால் அதற்கு உதவி செய்ய வேண்டும், மூத்த பிள்ளைக்கு அந்தப் பொறுப்பில் விருப்பமும் திறனும் இருக்கும் பட்சத்தில், என்கின்றன. திறன் இருக்கிறதா என்று எல்லோரும் பார்ப்பார்கள். விருப்பம் இருக்கிறதா என்று மூத்த பெண்ணிடம் கேட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இல்லம் என்று உறவினர்கள் சொல்லும்போது நடுப்பிள்ளைகள் இருவரும் ஒரே இடத்தில் இருப்பார்கள் என்று நினைத்துச் சொல்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடக்காது. ஆண் பிள்ளைகளுக்குத் தனி இல்லம், பெண் பிள்ளைகளுக்குத் தனி இல்லம், ஆறு வயதுக்குக் கீழே என்றால் அதற்கு வேறு நிறுவனம். யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. ஏற்பாடே வயதையும் பாலினத்தையும் வைத்துக் கட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். நான் குழுவில் இருந்தபோது இரண்டு அக்காள்களையும் மூன்று வயதுத் தம்பியையும் அப்படிப் பிரித்து அனுப்பிய உத்தரவில் என் கையெழுத்தும் இருக்கிறது. மாதம் ஒருமுறை பார்க்க ஏற்பாடு செய்கிறோம் என்று எழுதினோம். மழை, தேர்வு, வேன் இல்லை, அழைத்துப்போக ஆள் இல்லை. பதினான்கு மாதம் கழித்துப் பார்க்க வைத்தபோது அந்தப் பையன் ஆயாவின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். பெரிய அக்காள் வாங்கி வந்திருந்த பொரி உருண்டையை நீட்டிக்கொண்டே நின்றாள். சேர்த்து வைக்கும் நிறுவனங்களும் உண்டு. 1949இல் ஆஸ்திரியாவின் இம்ஸ்ட் நகரில் தொடங்கிய எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராமங்களில் ஒரு வீட்டுக்கு ஒரு தாய், அண்ணன் தங்கைகள் ஒரே வீட்டில் என்பதுதான் அடிப்படை. தாம்பரத்திலும் அப்படி ஒன்று இருக்கிறது. ஆனால் இடம் கிடைப்பது அபூர்வம். ஊருக்குள் காரில் வந்து, ‘இலவசக் கல்வி, இலவச உணவு’ என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் பிள்ளையைக் கையோடு அழைத்துப்போக நினைப்பவர்களை மட்டும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பதிவு செய்யாமல் குழந்தைகள் இல்லம் நடத்துவது தண்டனைக்குரிய குற்றம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கும். அங்கே மனுக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு, அதன் நகலோடு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்ற அரசு அலுவலகத்துக்குப் போங்கள். அங்கே என்ன வார்த்தை சொல்கிறீர்கள் என்பது முக்கியம். இதை அனுபவத்தில் சொல்கிறேன். ‘பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, ஏதாவது செய்யுங்கள்’ என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் கை தானாகவே இல்லச் சேர்க்கை விண்ணப்பத்தைத் தேடும். ‘நாங்கள் அப்பாயியோடு எங்கள் வீட்டிலேயே இருக்கிறோம், எங்களுக்கு நிதி ஆதரவு வேண்டும்’ என்று ஆரம்பியுங்கள். மிஷன் வாத்சல்யா என்ற திட்டத்தின் கீழ், பெற்றோரை இழந்து உறவினரோடு வாழும் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் கொடுக்க வழி இருக்கிறது. கிராமப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இது தவிர, 2025 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய். ஐந்து பேருக்குமே கேளுங்கள். ஆனால் ஐந்து பேருக்கும் கிடைக்கும், இரண்டு திட்டமும் சேர்த்துக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு வைக்காதீர்கள். எத்தனை பேருக்கு ஒப்புதல் வரும் என்பது ஒப்புதல் குழுவையும் அந்த மாவட்டத்துக்கு வந்திருக்கும் பணத்தையும் பொறுத்தது. பணம் மாதா மாதம் முதல் தேதியில் வந்து விழுந்ததாகவும் எனக்கு நினைவில்லை. அதை நம்பி மளிகைக் கடையில் கணக்கு வைக்காதீர்கள்.

விசாரணைக்குக் களப்பணியாளர் வீட்டுக்கு வருவார். பயப்பட வேண்டாம். அவர் பார்ப்பது பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா, இரவில் பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்கிறாரா, பெண் பிள்ளைகள் எங்கே படுக்கிறார்கள், கழிப்பறை இருக்கிறதா என்பவற்றைத்தான். வீடு ஓடா ஓலையா என்பது பெரிய விஷயம் இல்லை. குழந்தைகள் நலக் குழு வரைக்கும் விஷயம் போனால், கண்காணிப்போடு குடும்பத்திடமே ஒப்படைக்கலாம் என்று உத்தரவிட அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. அந்த உத்தரவைத்தான் கேட்க வேண்டும். குழந்தைகளிடமும் கேட்பார்கள். அவர்களுக்கு எதையும் சொல்லிக்கொடுத்து அழைத்துப்போகாதீர்கள். ஒப்பிக்கிற பிள்ளையைப் பார்த்ததும் எங்களுக்குச் சந்தேகம்தான் வரும்.

காகிதங்களில் முதல் வேலை அப்பாவின் இறப்புச் சான்றிதழும், தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழும். அடுத்து அப்பாவின் வங்கிப் பாஸ்புத்தகத்தை எடுத்து வரி வரியாகப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. இறந்தவரின் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். 20 ரூபாய் பிடித்திருந்தால் விபத்துக் காப்பீடு. வேலையிடத்தில் விழுந்து இறந்திருந்தால் அதுவும் பொருந்தும். இந்தப் பணத்தைக் கேட்காமலே விட்ட குடும்பங்கள் எத்தனையோ. வங்கி தானாகக் கூப்பிட்டுக் கொடுக்காது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை அப்பாவிடம் இருந்ததா என்று அவரோடு வேலை செய்தவர்களைக் கேளுங்கள். அட்டை உயிரோடு இருந்தால் மரண உதவி, ஈமச் சடங்கு உதவி, பிள்ளைகளுக்குக் கல்வி உதவி என்று மூன்று இருக்கின்றன. குடும்ப அட்டையை உங்கள் பெயருக்கு மாற்றும்போதே 35 கிலோ அரிசி கிடைக்கும் அந்தியோதயா அட்டையாக ஆக்கித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

அப்பா கைமாற்று வாங்கியிருந்ததாகச் சொல்லி இனிமேல்தான் ஆட்கள் வருவார்கள். துக்கம் கேட்க வரும்போதே வந்திருப்பார்கள் என்றுகூட நினைக்கிறேன். அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்கு மேல் அவருடைய கடனுக்கு நீங்கள் பொறுப்பாக மாட்டீர்கள். வெற்றுத் தாளில் யாருக்கும் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டு மனைக்குப் பட்டா இருந்தால் அதில் தம்பி தங்கைகள் ஐந்து பேருக்கும் பங்கு இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற அனுமதி இல்லாமல் சிறார்களின் பங்கை நீங்களும் விற்க முடியாது, பெரியப்பாவும் விற்க முடியாது. சட்டப்படியான காப்பாளராக நீங்கள் ஆக வேண்டுமென்றால் 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின் கீழ் மனுப் போடலாம். 18 நிறைந்திருந்தால் போதும். உடனே தேவை என்று எனக்குப் படவில்லை. சொத்து விற்பது, காப்பீட்டுப் பணத்தைச் சிறார் பெயரில் வாங்குவது என்று வரும்போது தேவைப்படும்.

இனி அந்தப் பங்கீட்டுக்கு வருவோம். எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். அத்தை வீட்டுக்குப் போகும் 14 வயதுத் தங்கையைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. ‘என் மகளாட்டம் வைத்துக்கொள்கிறேன்’ என்று அழைத்துப்போன வீடுகளில் அந்தப் பெண் பாத்திரம் தேய்த்ததையும், பதினாறு வயதில் முறைப்பையனுக்கே முடித்துவிட்டதையும் நான் எண்ண முடியாத தடவை பார்த்திருக்கிறேன். உங்கள் அத்தை நல்லவராகவே இருக்கலாம். இருந்தாலும் அவள் பத்தாம் வகுப்பு முடிக்கிற வரை அனுப்ப வேண்டாம் என்றே சொல்வேன். 18க்கு முன் திருமணப் பேச்சு எழுந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள். அவளிடமும் அந்த எண்ணைச் சொல்லி வையுங்கள். பெரிய தம்பி பத்தாவது தேறியிருந்தால் திருப்பூருக்குப் பதிலாக அரசு ஐ.டி.ஐ.யில் சேர்த்துப் பாருங்கள். கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ். 750 ரூபாய் எங்கே, பனியன் கம்பெனிச் சம்பளம் எங்கே என்று மாமா சிரிப்பார். அவர் சிரிப்பதில் நியாயமும் இருக்கிறது. ஆறு வயிறு இருக்கும் வீட்டில் முதல் இரண்டு ஆண்டுகள் அது கடினமான கணக்குதான். ஆனால் 16 வயதில் கட்டிங் மேசைக்குப் போன பையன் மறுபடி படிப்புக்குத் திரும்பி நான் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். இங்கே நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். தம்பியிடம் நீங்களே கேளுங்கள். அவன் என்ன நினைக்கிறான் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை.

நடுப்பிள்ளைகள் இருவரும் வீட்டிலேயே இருக்கட்டும். 8 வயதுத் தங்கைக்கு அரசுப் பள்ளியில் காலை உணவும் மதிய உணவும் உண்டு, 11 வயதுத் தம்பிக்கு மதிய உணவு, கடைக்குட்டிக்கு அங்கன்வாடி. பள்ளி நாட்களில் இவர்களுக்கு வீட்டில் பொங்க வேண்டியது இரவுச் சோறும் கொஞ்சம் காலைப் பாடும்தான். கோடை விடுமுறையில்தான் இடி விழும். ஏப்ரலுக்கு முன்பே அரிசி சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்குட்டி விஷயம் எனக்கே தெளிவில்லாத இடம். சித்தி அவனை உண்மையிலேயே விரும்புகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா போனபோது அவனுக்கு ஒரு வயது. அவனுக்கு அம்மா நீங்கள்தான். உங்களிடமிருந்து எடுத்தால் இரண்டாவது முறை தாயை இழப்பான். இன்னொரு பக்கம், இரண்டு பெரியவர்கள் முழு நேரமும் கவனிக்கிற ஒரு வீடு அவனுக்குக் கிடைக்கிறது. உடன்பிறந்தவர்கள் சேர்ந்து வளர்ந்தால் நன்றாக இருக்கிறார்கள் என்றுதான் ஆய்வுகளில் பலவும் காட்டுகின்றன. ஆனால் அவை பெரும்பாலும் மேலை நாடுகளில் நடந்தவை. அதோடு, தொல்லை குறைந்த பிள்ளைகளைச் சேர்த்து வைப்பது சுலபம் என்பதாலேயே அவர்கள் சேர்த்து வைக்கப்பட்டிருக்கலாம். எனவே சேர்ந்திருந்ததால்தான் நன்றாக இருந்தார்கள் என்று அடித்துச் சொல்ல நான் தயங்குவேன். நான் பார்த்தவரை, பிரிந்த பிள்ளைகளை உடைத்தது தூரத்தை விட, பார்க்க முடியாமல் போனதுதான். சித்தி வீடு நடக்கிற தூரத்தில் இருந்து, பையன் பகலில் அங்கேயும் இரவில் இங்கேயும் இருந்தால் அதைப் பிரிவு என்றே நான் சொல்ல மாட்டேன். பேருந்தில் நான்கு மணி நேரம் என்றால் ஓராண்டாவது பொறுக்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் நிச்சயம்: நூறு ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி நோட்டரி முத்திரை குத்தினால் அது தத்து ஆகாது. உறவினர் தத்தெடுக்கச் சட்டத்தில் முறையான வழி இருக்கிறது. அந்த வழியில் போனால் சட்டத்தின் கண்ணில் அவன் அவர்களுடைய மகன். உங்கள் தம்பி என்ற உறவு காகிதத்தில் இருக்காது. அதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். நீங்களே அவனைத் தத்தெடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது, உறவினர் தத்துக்கான பட்டியலில் மாமா, அத்தை, சித்தி, சித்தப்பா, தாத்தா, பாட்டி முறை இருக்கிறது, அக்காள் இல்லை. வயது வித்தியாசமும் போதாது.

இப்போது அந்தக் கடைசி வரி. சில ஆண்டுகளுக்கு முன் 20 வயதுப் பெண் ஒருத்தி நான்கு பேரைச் சேர்த்து வைத்துக்கொண்டாள். (அடையாளம் தெரியக்கூடாது என்று சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) படிப்பை விட்டாள், வந்த வரனை விட்டாள். நாங்கள் எல்லாக் கூட்டத்திலும் அவளைத்தான் உதாரணம் காட்டுவோம். ஏழு ஆண்டு கழித்துப் பார்த்தபோது தம்பி தங்கைகள் நன்றாக இருந்தார்கள். ‘சாப்பிட்டாயா என்று என்னிடம் யாராவது கேட்டு ஏழு வருடம் ஆகிறது அம்மா’ என்றாள். அதற்குப் பிறகு அவளை நான் எங்கேயும் உதாரணமாகச் சொல்லவில்லை.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது: சேர்ந்திருங்கள், ஆனால் நீங்கள் அம்மாவாக வேண்டாம். காகிதத்தில் பொறுப்பாளராக அப்பாயியின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். அவர் அந்த வீட்டுக்கே வந்து படுக்கட்டும். அவருடைய முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாயை வீட்டுச் செலவில் போட விடாதீர்கள், மருந்துக்கு வேண்டும். உங்கள் கல்லூரியை நிறுத்தாதீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உங்களுக்கு வந்துகொண்டிருக்க வேண்டும். வராவிட்டால் கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். விடுதியில் இருந்து படித்தால்தான் முடியும் என்றால், வாரக் கடைசியில் மட்டும் வீட்டுக்கு வரும் அக்காளாக இருப்பதில் எந்தத் துரோகமும் இல்லை. வரனை மறுத்தால் ‘இப்போது வேண்டாம்’ என்று சொல்லி மறுங்கள். ‘தம்பி தங்கைக்காக எப்போதும் வேண்டாம்’ என்று ஊர் நடுவில் சபதம் செய்யாதீர்கள். ஊர் அந்தச் சபதத்தை உங்களை விட அதிக நாள் நினைவில் வைத்திருக்கும்.

ஓராண்டு முயன்று பார்த்துவிட்டு முடியவில்லை என்று தோன்றினால் மறுபடியும் அதே அலகுக்குப் போய் அதைச் சொல்லலாம். பெரிய தங்கையை அரசு மாணவியர் விடுதியில் சேர்ப்பது போன்ற பாதி வழிகள் இருக்கின்றன. பள்ளி நாட்களில் அங்கே, விடுமுறையில் வீட்டில். யாருடைய உரிமையும் கைமாறாது. அங்கே இருக்கும் களப்பணியாளர்களில் சிலர் சிடுசிடுப்பார்கள், சிலர் உங்கள் வீட்டுக்குச் சொந்தக் காசில் பிஸ்கட் வாங்கிக்கொண்டு வருவார்கள். யார் வாய்ப்பார் என்பது என் கையிலும் இல்லை, உங்கள் கையிலும் இல்லை.

திங்கள்கிழமை போகும்போது அப்பாயியைக் கூட்டிக்கொண்டு போங்கள், பெரிய தம்பியையும். எல்லோருடைய ஆதார் அட்டை, பள்ளியில் வாங்கிய படிப்புச் சான்று, அப்பா அம்மா இருவரின் இறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, வருமானச் சான்று, எல்லாவற்றிலும் மூன்று நகல். அம்மாவின் இறப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று இன்றைக்கே தேடுங்கள். மூன்று ஆண்டுக்கு முன் யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். இல்லையென்றால் முதலில் போக வேண்டிய இடம் ஆட்சியர் அலுவலகம் இல்லை, உங்கள் ஊர்க் கிராம நிர்வாக அலுவலர்.